வாய்தாவுக்கு வராதவள்

கோர்ட்டு ஆமீன் வந்த அன்று விலாசினிக்கு வேலை இல்லை. முந்திரி ஆலையான அண்டியாபீஸில் கொட்டைச் சரக்கு தீர்ந்துபோயிருந்தது. லாரி வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று மேஸ்திரி எல்லாப் பெண்களையும் வீட்டுக்குத் திருப்பியனுப்பியிருந்தார். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. நாலு வயது பிஜி தாயின் மடியில் கிடந்து, கொட்டை உடைத்துக் கறுத்துப்போன அவள் விரல்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பொன்னப்பனுக்க பெஞ்சாதி விலாசினி இருக்க வீடு இதுதானே?" என்று முற்றத்தில் ஒரு குரல் கேட்டது.

இப்படி ஒரு குரல் வரும் என்று அண்ணன் தாணு ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தான். பொன்னப்பன் விவாகரத்துக்குக் கேஸ் போட்டிருக்கிறான் என்பது அவன் காதுக்கு எட்டியிருந்தது. பாறசாலை ஜங்ஷனில் சைக்கிள் கடை வைத்திருப்பவன் தாணு. டியூபுக்கு ஒட்டுப்போட வருகிறவர்களிடம் எல்லாம் இதைப் பற்றி விசாரித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். "பேப்பரை நாம கையில வாங்கினாத்தான் கோர்ட்டுக்கு நம்ம மேல ஒரு பிடி உண்டு. வாங்கல்லேன்னா கேஸ் அந்தரத்துல நிக்கும். அவன் வருசக்கணக்கா அலையட்டும். எவன் வந்து கேட்டாலும் நீ வெளிய வராண்டாம், கேட்டியா?"

அவள் அப்படியே செய்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த சாய்ப்புக்குள் போய்ப் பதுங்கினாள். ஓலைக்கீற்றின் இடுக்கு வழியாக முற்றம் தெரிந்தது. வந்தவர் ஐம்பது வயது தாண்டியவர். கையில் காம்பு ஒடிந்து சரடு சுற்றிய குடை. இடதுகால் பெருவிரலில் துணிக்கட்டு. முட்டுவரை வேட்டி நனைந்திருந்தது. தோட்டைக் கடந்து வந்திருக்கிறார் என்று தெரிந்தது. தோடு என்பது அவர்கள் விளையின் கீழே ஓடுகிற சின்ன நீரோடை. அதற்கு அக்கரை தமிழ்நாடு, இக்கரை கேரளம். ஊருக்கு இரண்டு கரையிலும் இலவுவிளை என்றுதான் பெயர். மாநிலம் பிரித்தபோது எல்லைக்கோட்டை ஊருக்கு நடுவே தோட்டோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். சனங்கள் குளிக்கவும் ஆட்டுக்குக் கொழுந்து பறிக்கவும் பெண் கொடுக்கவும் பழையபடி கடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"அப்பிடி ஒரு ஆளு இஞ்ச இல்லை" என்றான், கடைக்குப் போகாமல் வீட்டிலிருந்த தாணு.

"நீரு ஆரு?"

"நான் ஆரா இருந்தா உமக்கென்ன வேய்?"

ஆமீன் செருமினார். "நான் கோர்ட்டு ஆமீன். சம்மன் கொண்டு வந்திருக்கேன். அந்தப் பிள்ளைய விளியும். வாங்கி ஒரு ஒப்புப் போட்டா நான் போயிருவேன்."

"அவ இஞ்ச இல்லைன்னு சொன்னேனே!"

"அடுப்புல ஆருக்கு ஓய் கிழங்கு வேவுது?"

பிஜி சிரிக்க வாயெடுத்தாள். மாமன் கோபமாகப் பேசினால் அவளுக்கு எப்போதும் சிரிப்பு வரும். விலாசினி சட்டென்று பிள்ளையின் வாயைப் பொத்தினாள். அழுத்தம் கூடிப்போயிற்று. பிள்ளை மூக்கால் மூச்சுவிட்டுத் திணறி, கண்ணை விரித்துத் தாயைப் பார்த்தது. முற்றத்தில் குரல்கள் உயர்ந்தன. பிறகு ஆமீன் பசை டப்பாவைத் திறந்து, வாசல் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு, "இனி உங்க பாடு" என்று சொல்லி, வந்த வழியே தோட்டுக்கு இறங்கிப் போனார்.

தாணு தாளைப் பிய்த்தெடுத்து, படிக்காமலே அடுப்பில் போட்டான். "கழிஞ்சு. இனி ஒருத்தனும் வரமாட்டான்" என்றான். விலாசினி கையை எடுத்த பிறகும் பிஜியின் கன்னத்தில் நாலு விரல் தடம் கிடந்தது.

பொன்னப்பன் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவன் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். பஸ் டிப்போவில் மெக்கானிக். கல்யாணம் கழிந்து முதல் வருடம் நன்றாகத்தான் போயிற்று. பிஜி பிறந்த பிறகு விலாசினிக்கு உறக்கம் போய்விட்டது. பிள்ளையை யாரோ கொண்டுபோக வருகிறார்கள் என்று கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தாள், தனக்குள் பேசினாள், பால் கொடுக்க மறந்தாள். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருவதுண்டு, மாறிவிடும் என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். மாறியும்விட்டது. மாத்திரைகூட ஒரு வருடத்தில் நின்றது. ஆனால் பொன்னப்பனின் கண்ணில் இருந்த பயம் மாறவில்லை. "கொஞ்ச நாளு அண்ணன்கூட இருந்து உடம்பைத் தேத்து" என்று கொண்டுவந்து விட்டவன்தான். பிறகு வரவில்லை.

ஆமீன் வந்து போன பிறகு ஒன்றும் நடக்கவில்லை. தாணுவின் யோசனை பலித்தது போலத்தான் இருந்தது. விலாசினிக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ கிடந்து உறுத்தியது. அவளைப் பற்றி எங்கேயோ பேசுகிறார்கள், அவளைத் தவிர எல்லோரும் கேட்கிறார்கள் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதைச் சொல்லவும் பயந்தாள். மறுபடியும் பழைய தீனமாக்கும் என்று அண்ணன் நினைத்துவிடுவானே!

மழைக்காலம் போய், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள். அண்டியாபீஸில் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைக்கும் கிருபாபாய் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "விலாசினியே, நீ ஒண்ணும் அறியல்லியா? உனக்க மாப்பிள்ளைக்கு மறுகல்யாணம் கழிஞ்சாச்சு பிள்ளே. எனக்க நாத்தனா அந்த ஊருலதான் இருக்கா. அவ கண்ணால பார்த்துட்டு வந்து சொன்னா."

விலாசினி அன்றைக்கு அரைநாளோடு எழுந்து பஸ் ஏறினாள். களியக்காவிளையில் இறங்கி வேறு பஸ் மாறினாள். அண்ணனிடம் சொல்லவில்லை. அந்த வீட்டு முற்றத்தில் போய் நின்றபோது, இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் புதுத்தாலி. "ஆரைத் தேடுதிய அக்கா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். விலாசினியால் தன் பெயரைச் சொல்ல முடியவில்லை.

பொன்னப்பன் உள்ளேயிருந்து வந்தான். "பிரசீதா, நீ உள்ள போ" என்றான் அந்தப் பெண்ணிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ இஞ்ச வரப்பிடாது. கோர்ட்டு பிரிச்சு விட்டாச்சு" என்றான்.

"என்னைக் கேக்காம எப்பிடி பிரிக்கும்?"

"கேக்கத்தான் சம்மன் அனுப்பிச்சு. நீ வரல்ல. வராதவளுக்க பேச்சை ஆரு கேப்பா? நான் சொன்னதை அவங்க கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னிய?"

அவன் தரையைப் பார்த்தான். "உள்ளதைச் சொன்னேன். உனக்குப் புத்திக்குத் தீனம்னு. மாறாத தீனம்னு. ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டு. கோர்ட்டும் அப்பிடியே எழுதியாச்சு." பிறகு அவள் அதுவரை நினைத்தே பார்த்திராத ஒன்றைச் சொன்னான். "பிள்ளைய நான் கொண்டு வரணும். அப்பிடிப்பட்டவகூட ஒரு பெண்குழந்தைய எத்தனை நாளைக்கு விட முடியும்? அதுக்கும் வக்கீலிட்ட சொல்லியாச்சு."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. கல்யாணம் போனதுகூட அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. முத்திரை குத்திய ஒரு தாளில், ஒரு நீதிபதியின் கையெழுத்துக்கு மேலே, தான் பைத்தியம் என்று எழுதியிருக்கிறது. அதை எழுதும்போது தான் அண்டியாபீஸில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

தாணு முதலில் நம்பவில்லை. பிறகு கொதித்தான். பிறகு ஒரு மூலையில் போய் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். கோர்ட்டில் எழுதிக்கொடுத்துத் தீர்ப்பு நகல் வாங்கிய பிறகு இருவருமாகப் போய், அக்கரைக் கோர்ட்டுக்கு எதிரே ஆபீஸ் வைத்திருந்த அருமநாயகம் வக்கீலைப் பார்த்தார்கள். நரைத்த மீசையும் அவசரப் பேச்சும் உள்ள மனிதர். தாணு கொண்டுவந்த தீர்ப்பு நகலை மூக்குக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் படித்துவிட்டு, "எக்ஸ்பார்ட்டி" என்றார். "எதிர்க்கட்சி வரல்ல. ஒருதலையாக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லியாச்சு."

"நாங்க பேப்பரு வாங்கல்லியே சார். வாங்காம எப்பிடி எங்க மேல கேஸ் நடத்துவாங்க?" என்றான் தாணு.

அருமநாயகம் அவனைக் கூர்ந்து பார்த்தார். "அம்மா, நீங்க கேளுங்க. கேஸ் போட்டவன் தானா வந்து கோர்ட்டுக்கு முன்னால நிக்கியான். அதோட அவன் கோர்ட்டுக்க பிடிக்குள்ள வந்தாச்சு. எதிராளி அப்பிடி இல்லை. ஒண்ணு, சம்மன் முறைப்படி அவங்களுக்குப் போய்ச் சேரணும். இல்லேன்னா அவங்களா வந்து ஆஜராகணும். ரெண்டும் இல்லாம அவங்க மேல தீர்ப்பு எழுதினா, அதை ரத்து பண்ணச் சொல்லி நாம கேக்கலாம். ஆனா ஆமீன் கொண்டு வந்து, நாம வாங்கமாட்டோம்னு சொல்லி, அவரு கதவுல ஒட்டியிருந்தா, அது வாங்கினதுக்குச் சமம். வாங்காம இருந்தா தப்பிச்சுக்கலாம்னு உங்களுக்கு ஆராவது சொல்லியிருந்தா, அவன் உங்களைக் குழியில தள்ளியிருக்கான்." கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப சொல்லுங்க. ஆமீன் வந்தாரா?"

விலாசினி வாயைத் திறப்பதற்குள் தாணு முந்திக்கொண்டான். "ஒருத்தரும் வரல்ல சார்."

வக்கீல் விலாசினியைப் பார்த்தார். அவள் அண்ணனைப் பார்த்தாள். மூன்று வருடமாக அவளுக்கும் பிள்ளைக்கும் சோறு போட்டவன். அவளை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே தனக்கு வந்த கல்யாணப் பேச்சைத் தட்டிக் கழித்தவன். அவள் தலையைக் குனிந்தாள். அது ஆமாம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. தெரிந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்று வக்கீல், தீர்ப்பில் இருந்த விலாசத்தையே போட்டு, அன்றைக்கே எழுதத் தொடங்கினார். ஆமீன் என் வீட்டுக்கு வரவே இல்லை, கேஸ் நடப்பதே எனக்குத் தெரியாது என்று எழுதிய தாளில் விலாசினி ஒப்புப் போட்டாள்.

விசாரணை நாளில் கோர்ட்டு நிறைந்திருந்தது. நீதிபதி மதுரைப் பக்கத்துக்காரர். அந்த ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. பொன்னப்பன் ஒரு ஓரத்தில் கைகட்டி நின்றான். பிரசீதா வராந்தாவில் பெஞ்சில் இருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. விலாசினி அதைப் பார்க்காதது போலக் கடந்து உள்ளே போனாள்.

முதலில் ஆமீன் கூண்டில் ஏறினார். பெயர் செல்லையன் என்றார். அதே ஆள்தான். "எதிர்மனுதாரர் வீட்டுக்குப் போனேன். விளவங்கோடு தாலுகா, இலவுவிளை. ஆள் உள்ளே இருந்தும் வாங்க மறுத்ததால் கதவில் ஒட்டினேன்" என்று ஒப்பித்தார். அருமநாயகம் குறுக்கே என்ன கேட்டும் அவர் அசையவில்லை.

பிறகு விலாசினியைக் கூப்பிட்டார்கள். பொன்னப்பனின் வக்கீல் இளவயதுக்காரர். சத்தம் போடவில்லை. வீட்டில் உள்ள பெண்ணிடம் பேசுவது போலப் பேசினார்.

"நீங்க ஆஸ்பத்திரியில் இருந்தீங்க, இல்லையா?"

"இருந்தேன்."

"அப்போ நடந்தது எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் இல்லை."

"மருந்து சாப்பிட்டா மறதி வரும். அது உங்க தப்பு இல்லை. ஆமீன் வீட்டுக்கு வந்தது உங்களுக்கு மறந்துபோயிருக்கலாம், இல்லையா? வந்திருப்பார், நீங்கதான் ஏதோ பயத்தில் பேப்பரை வாங்காம இருந்திருப்பீங்க. அது உங்க நோயோட ஒரு குணம்தானே அம்மா?"

விலாசினி அந்த மனிதரைப் பார்த்தாள். அவர் முகத்தில் நிஜமாகவே ஓர் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைக் கண்டதும்தான் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது. ஆமீன் வரவில்லை என்று சொன்னால், வந்ததை மறந்த பைத்தியம். வந்தார் என்று சொன்னால், பொய்ச்சத்தியம் எழுதிக் கொடுத்தவள். அருமநாயகம் கண்ணாலேயே இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்றார். கூட்டத்துக்குள் தாணு எழுந்து நின்றான்.

"எனக்கு ஒண்ணும் மறக்கல்ல" என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "அவரு வந்தாரு. கொடைக்காம்பு ஒடிஞ்சு அதுல சரடு சுத்தியிருந்தது. எடத்துகால் பெருவிரல்ல துணி கெட்டியிருந்தாரு. அடுப்புல ஆருக்கு கிழங்கு வேவுதுன்னு கேட்டாரு. நான் சாய்ப்புக்குள்ள எனக்க பிள்ளைக்க வாயைப் பொத்திப் பிடிச்சுட்டு இருந்தேன். அவ மூச்சுவிட முடியாம முழிச்சா. பேப்பரு வாங்கினா கேஸ் ஆயிரும்னு பயந்தாக்கும் நான் ஒளிஞ்சேன். கிறுக்கு பிடிச்சு ஒளியல்ல."

அருமநாயகம் கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார். பொன்னப்பனின் வக்கீல் மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பினார். அவருக்கு இனிக் கேட்க ஒன்றும் இல்லை. ஜெயித்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நீதிபதி முன்னால் சாய்ந்தார். "அம்மா, நீ சத்தியம் பண்ணிக் கொடுத்த தாளில் ஆமீன் வரவே இல்லைன்னு எழுதியிருக்கு. தெரியுமா?"

"தெரியும் சார். அது தப்பு."

"யார் சொல்லி எழுதினே?"

தாணு நின்ற இடத்தை அவள் பார்க்கவில்லை. "ஒப்பு நான் போட்டதாக்கும்."

"ஒட்டின தாளைப் படிச்சியா? எந்தத் தேதிக்கு வரச்சொல்லி இருந்துது?"

"படிக்கல்ல சார். நான் வெளிய வருமுன்ன அது அடுப்புல போயிட்டு. நாளு எதுன்னு எனக்கு இப்பவும் தெரியாது."

நீதிபதி எழுதிக்கொண்டார். எழுதும்போதே, "குடைன்னு சொன்னியே, அவர் நனைஞ்சு வந்தாரா, மழையா அன்னைக்கு?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டது போல இருந்தது.

"மழை இல்லை சார். குடை சும்மா வச்சிருந்தாரு. தோடு கடந்து வந்ததுல முட்டுவரை நனைஞ்சிருந்தது."

"தோடா? காதில் போடுறதா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அருமநாயகம் எழுந்தார். "நீரோடை சார். இந்தப் பக்கத்தில் அதைத் தோடு என்று..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். முகம் மாறியது. விலாசினி பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க ரேஷன் கார்டு எந்தத் தாலுகா?"

"நெய்யாற்றின்கரை."

"அப்போ உங்க வீடு தோட்டுக்கு எந்தக் கரை?"

"இக்கரை சார். கேரளம்."

அருமநாயகம் நீதிபதியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். இப்போது அவசரம் இல்லை. இலவுவிளை என்று இரண்டு உண்டு. மனுதாரர் கொடுத்த விலாசம் விளவங்கோடு தாலுகாவில் உள்ள இலவுவிளை. இந்த அம்மாள் இருப்பது நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ளது. வேறு மாநிலத்தில் இருப்பவருக்குச் சம்மன் கொடுக்க வேண்டுமானால் அதை நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்கு அனுப்பி, அவர்களுடைய ஆள் மூலமாகக் கொடுக்க வேண்டும். இந்தக் கோர்ட்டு ஆமீனுக்குத் தோட்டுக்கு அப்புறம் ஒரு அடி வைத்துச் சம்மன் ஒட்ட அதிகாரம் கிடையாது. அவர் ஒட்டினது ஒட்டினதே இல்லை.

செல்லையனை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தண்ணியில் இறங்கினீங்களா?"

அவர் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இறங்கினேன் ஐயா" என்றார். "தமிழ்நாட்டுக் கரையில விசாரிச்சேன். வீடு அந்தா தெரியுதுன்னு கைகாட்டினாங்க. எழுதித் திருப்பி அனுப்பினா மாசக்கணக்கா ஆகும், நாலு எட்டுதானேன்னு நினைச்சேன். ரிப்போர்ட்டுல மனுவில உள்ள விலாசத்தையே எழுதிட்டேன்."

தீர்ப்பு பிறகு ஒரு நாள் வந்தது. பழைய தீர்ப்பு ரத்து. சம்மன் முறைப்படி சேரவில்லை, விசாரணை நாளும் எதிர்மனுதாரருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று எழுதிய நீதிபதி, அவள் பொய்யாக எழுதிக் கொடுத்ததைக் கடுமையாகக் கண்டித்து, கூண்டில் நின்று தானே திருத்திக்கொண்டதால் மேல்நடவடிக்கை வேண்டாம் என்று விட்டிருந்தார். செல்லையனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணைக்கு உத்தரவாயிற்று. அவருக்கு ஓய்வுபெற ஒரு வருடம்கூட இல்லை என்று அருமநாயகம் பேச்சுவாக்கில் சொன்னபோது விலாசினிக்குச் சந்தோஷம் பாதியாகக் குறைந்துபோயிற்று.

"ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க" என்றார் வக்கீல். "இனி நீங்க ஆஜராகியாச்சு. பழைய கேஸ் முதல்லேருந்து நடக்கும். இனி சம்மன் வரல்லேன்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வரணும்."

"வாறேன் சார்" என்றாள்.

வராந்தாவில் பிரசீதா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பொன்னப்பன் வக்கீலோடு பேசப் போயிருந்தான். விலாசினி ஒதுங்கிப் போகப் பார்த்தாள். அந்தப் பெண் விடவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அந்தத் தீர்ப்பு இல்லேன்னு ஆயிட்டு. அப்ப எனக்க கல்யாணம்?"

விலாசினி நடையை நிறுத்தித் திரும்பினாள்.

"எனக்க அப்பா அந்தத் தீர்ப்பைக் கையில வாங்கிப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் என்னைக் கெட்டிக் கொடுத்தாரு. கோர்ட்டு சீல் உண்டு, பயப்படாண்டாம்னு சொன்னாரு. இப்ப வயித்துல ஏழு மாசம். வக்கீலிட்ட கேட்டா, அது சிக்கலான விஷயம்னு சொல்லுதாரு. நான் இப்ப ஆரு அக்கா?"

"எனக்குத் தெரியாது பிள்ளே" என்றாள் விலாசினி. அந்தப் பெண்ணின் கால்கள் வீங்கியிருந்தன. பெஞ்சில் இருந்த ஒருவரை எழுப்பிவிட்டு அவளை உட்காரவைத்தாள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

தாணு அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்தினான். அண்ணன்தான் சொல்லச் சொன்னான் என்று அவள் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் சாய்ப்பும் அடுப்பும் கோர்ட்டில் ஏறிய பிறகு, பேப்பரை எரித்தவன் யார் என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள், "வக்கீலே, டியூபுக்குக் காத்தடிச்சுத் தாரும்" என்று சிரித்தார்கள். முதலில் யோசனை சொல்லிக் கொடுத்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். தாணு சோற்றை வாங்கிக்கொண்டு முற்றத்தில் போயிருந்து தின்றான். ஒரு நாள் மட்டும், கை கழுவிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்: "நான் உன்னைக் கெடுக்கணும்னு செய்யல்ல."

"எனக்குத் தெரியும் அண்ணா."

"தெரிஞ்சா அங்க வாயை மூடிட்டு இருந்திருக்கணும்."

அவள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனாள். அண்டியாபீஸில் அரைநாள் விடுப்புக் கேட்டுக் கேட்டு மேஸ்திரியிடம் கெட்ட பெயர் வாங்கினாள். பிஜியைக் கிருபாபாயின் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். சில நாள் கூப்பிடுவார்கள். பல நாள் தள்ளிவைப்பார்கள். ஒருமுறை திருவனந்தபுரத்து டாக்டரம்மா வந்து, இந்த நோய் மாறக்கூடியது, மாறிவிட்டது என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பொன்னப்பன் தலை நிமிரவில்லை. அதற்குள் பிரசீதாவுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது.

அந்தச் சாட்சிக்குப் பிறகு பொன்னப்பனின் வக்கீல் அருமநாயகத்தைத் தேடி வந்தார். பழைய மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம், இருவரும் சம்மதித்துப் பிரிவதாகப் புதுமனு போடலாம் என்றார். அருமநாயகம் விலாசினியிடம் கேட்டார். "நடத்தினா நாம ஜெயிப்போம். அவன் உங்க புருசன்தான்னு கோர்ட்டு சொல்லும். அந்தப் பெண்ணும் பிள்ளையும் வெளிய நிக்கும். உங்களுக்கு என்ன வேணும்?"

அவள் அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். ஜெயிப்பது என்றால் என்ன என்று யோசித்தாள். பொன்னப்பன் வீட்டுக் கொடியில் மறுபடியும் தன் துணி கிடப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிரசீதா மேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள், அதுவும் வரவில்லை. தன் பெயருக்கு மேல் எழுதிவைத்ததை எடுத்துவிட்டார்கள். பிள்ளை தன்னிடம் இருக்க வேண்டும். அது போதும் என்று தோன்றியது. அது போதுமா என்று பல நாள் பிறகும் சந்தேகமாகவே இருந்தது.

புத்தி சம்பந்தமாக ஒரு வார்த்தையும் இல்லாத மனுவில், பிஜி தாயோடு இருப்பாள் என்று எழுதிய இடத்தில் விரலை வைத்து இரண்டு தரம் படித்துவிட்டு ஒப்புப் போட்டாள். சட்டப்படி அதற்கும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிவு உத்தரவான அன்று பொன்னப்பன் அவள் பக்கத்தில் வந்து எதையோ சொல்ல நின்றான். "பிஜி வளர்ந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டான். "பள்ளிக்கூடம் போறா" என்றாள் அவள்.

கோர்ட்டு வாசலில் பிரசீதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் கோயிலில் மறுபடியும் தாலி கட்டப்போகிறார்களாம். "எனக்க கல்யாணத்துக்கு எனக்க மவன் வருவான்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது. விலாசினி பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. "காய்ச்சல் போல இருக்கே, டாக்டரிட்ட காட்டு" என்றாள்.

பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. களியக்காவிளை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். வீட்டுக்கு வந்தபோது தாணு முற்றத்தில் ஒரு பழைய சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தான். கழிஞ்சு அண்ணா என்றாள். அவன் தலையாட்டினான், நிமிரவில்லை. அவள் அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கிருபாபாயின் வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு முறி, ஓர் அறைதான், காலியாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அரிசியைக் களைந்தாள்.